நாமக்கல் பதிப்பு

தை பிறக்க ஆறு நாள் இருக்கையில்
வினோதினி மேடம் வண்டியை விட்டுப்போனார்.
"ஜெனரல் சர்வீஸ் போதும்ணா.
கொல்லிமலை போய் வந்தேன். நல்லா ஓடிச்சு."

நல்லா ஓடிச்சு.

பின்சக்கரத்தைக் கழற்றினேன்.
பிரேக் ஷூ கண்ணாடியாய் மின்னியது,
கருகிய கொட்டாங்கச்சி வாசம்.
முன்பக்கப் பேடில் தேய்மானமே இல்லை.
எழுபது கொண்டை ஊசி வளைவும்
வலதுகாலாலேயே இறங்கியிருக்கிறார்.
பயந்தவர்கள் முன்பிரேக்கைத் தொடுவதில்லை.
அதை எழுத ஜாப் கார்டில் கட்டம் கிடையாது.

இடப்பக்க ஃபுட்ரெஸ்ட் நுனியில் உராய்வு.
கிளட்ச் லீவர் ஒரு நூல் வளைந்திருந்தது.
கிராஷ் கார்டு மடக்கில் செம்மண்,
என்ஜின் சூட்டில் வெந்து ஒட்டிய ஒரு புல்.
விழுந்திருக்கிறார்.
தானே தூக்கியும் இருக்கிறார்:
பின்சீட் கம்பியின் அடியில்
மண்ணாலான நான்கு விரல்.
நூற்றுத் தொண்ணூறு கிலோ வண்டி.

சைடு பாக்ஸில் ஒரு செய்தித்தாள்.
உடம்பின் வளைவு அதில் அப்படியே இருந்தது.
சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து ஓட்டியிருக்கிறார்.
மலைக் காற்றுக்கு இதைவிட மலிவான ஜாக்கெட் இல்லையென்று
கஸ்டமர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.
நாமக்கல் பதிப்பு.
முட்டை கொள்முதல் விலை ஐந்து காசு உயர்வு.

ஆதம்பாக்கத்தில் இருபத்தாறு வருஷமாய்
மலைக்குப் போன வண்டிகளுக்கு வைத்தியம்.
வால்பாறை ஏர் ஃபில்டரில் ஈரமாய் வரும்.
ஏற்காடு செயினில் வரும்.
ஊட்டி போனவன் கிளட்ச் பிளேட்டைக் கையில் வைத்தாலே
எந்தப் பாதையில் ஏறினான் என்று சொல்வேன்.
மலையைக் கழற்றிக் கழற்றித்தான் பார்த்திருக்கிறேன்.
கடையை யார் திறப்பது, அதான் போகவில்லை என்பேன்.
கத்திப்பாரா மேம்பாலத்திலேயே
எனக்கு உள்ளங்கால் கூசும் என்பதை
வீட்டில்கூடச் சொன்னதில்லை.

டெஸ்ட் டிரைவ் வழக்கமாய் வாணுவம்பேட்டை வரைக்கும்தான்.
மறுநாள் காலை ஐந்துக்கு
கை பரங்கிமலைப் பக்கம் திரும்பிவிட்டது.
முந்நூறு அடி.
மலை என்றால் சேலத்துக்காரன் சிரிப்பான்.
போகிக்கு முன்பே எவனோ டயர் கொளுத்தியிருந்தான்,
அந்தப் புகையைப் பனி என்று எடுத்துக்கொண்டேன்.
பேப்பரைப் பனியனுக்குள் செருகியிருந்தேன்.
சென்னையின் குளிர் இருபத்திரண்டு டிகிரி.
சர்ச் வாட்ச்மேன் குரங்குக் குல்லாயில் நடுங்கினார்,
எனக்கு வியர்த்தது.

ஏற்றத்தில் செகண்ட் கியர்.
என்னைவிட வண்டிக்கு வேலை தெரிந்திருந்தது.
ஒரு வளைவில் ஊர் சட்டென்று கீழே போனது:
மஞ்சள் விளக்குகள், மின்சார ரயிலின் ஒரு கோடு,
இறங்கும் விமானத்தின் வயிறு,
ஏறக்குறைய என் தோள் உயரத்தில்.
கூசியது.
பார்த்துக்கொண்டே நின்றேன், என்ஜினை அணைக்காமல்.

இறங்கும்போது
முன்பிரேக்கை நான் தொடவில்லை.
வலதுகால்,
வலதுகால் மட்டும்,
தார் சமமாகும் வரை.

சாயங்காலம் வந்தார்.
பில்லைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார்.
"ஒன்பது கிலோமீட்டர் கூட ஓடியிருக்கே?"
"செக் பண்ணினேன் மேடம்."
பிரேக் ஷூவுக்குக் காசு வாங்கினேன்.
லீவர் நிமிர்த்தியதற்கு வாங்கவில்லை,
ஏன் என்று அவரும் கேட்கவில்லை.
முழுக்கைச் சட்டையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.
பேப்பர் பழைய இடத்திலேயே இருந்தது.

இரவு குளிக்கப்போய்ப் பனியனைக் கழற்றினால்
நரைத்த முடிக்கு நடுவே
இடம்வலம் மாறி, கண்ணாடி எழுத்தில்
முட்டை விலை.
நான்கு சொம்பு ஊற்றினேன்.
ஐந்து காசு மட்டும்
போகவில்லை.